மூச்சு ஏறும்போது கை ஏறட்டும்

புற்றுநோய் சிகிச்சை முடிந்து யோகாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு புதுப் பாயோடு வருவார்கள். நான் ஆஸ்பத்திரி ஃபைலைக் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். "அதையெல்லாம் டாக்டர் பார்த்துட்டாரே மேடம்" என்பார்கள். நானும் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்வேன்.

எந்தப் பக்கம் ஆபரேஷன்? அக்குளில் நெறிகளை எடுத்தார்களா? டிரெயின் குழாயைக் கழற்றியாயிற்றா? காறை எலும்புக்குக் கீழே போர்ட் இருக்கிறதா? எந்த மருந்து ஏற்றினார்கள்? கடைசி ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எவ்வளவு? எலும்பு ஸ்கேனில் ஏதாவது எழுதியிருக்கிறதா? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் உட்காரச் சொல்வேன், அதுவும் நாற்காலியில். புதுப் பாய் முதல் நாள் விரிவது அபூர்வம்.

இந்தக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு 'கூடாது'வைத் தீர்மானிக்கும். பிளேட்லெட் சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 50,000-க்குக் கீழே இறங்கியிருந்தால், தடுமாறி விழ வாய்ப்புள்ள எதையும் செய்யவைக்க மாட்டேன். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் நாலு பேர் உள்ள வகுப்புக்கு வரவேண்டாம், வீட்டில் படுத்தபடி மூச்சுப் பயிற்சி மட்டும் போதும் என்பேன். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோருபிசின் போயிருந்தால் எக்கோ எப்படி இருக்கிறது என்று கேட்பேன், அது இதயத்தைத் தொடக்கூடிய மருந்து. முதுகெலும்பில் பரவல் இருந்தால், குனிந்து காலைத் தொடுவதும் இடுப்பை முறுக்குவதும் அறவே இல்லை. முள்ளெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால் இரண்டும் செயலிழக்கலாம். எந்த ஆசனமும் அந்த அபாயத்துக்குத் தகுதியானதல்ல.

சென்னையில் யோக சிகிச்சை படித்ததில் எனக்கு ஓர் அனுகூலம் இருந்தது. மைசூரில் இளைஞர்களைத் துள்ளவும் வளையவும் வைத்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பிற்பாடு சென்னைக்குக் குடிவந்த காலத்தில், தன்னிடம் வந்த நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்த்து, ஆளுக்கு ஏற்றபடி பயிற்சி கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் என்ஜினீயரிங் படித்தவர். 1976-ல் அவர் தொடங்கியதுதான் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம். அந்த வழியில் வந்த ஆசிரியர்களிடம் நான் முதலில் கற்றது ஒரே அசைவை நின்றும், உட்கார்ந்தும், படுத்தும், நாற்காலியிலும் செய்யும்படி மாற்றிக்கொடுக்கும் வித்தை. ஐம்பது பேரை வரிசையாக நிறுத்தி மைக்கில் எண்ணுகிற யோகா எனக்கு இன்றுவரை வரவில்லை.

என்னைப் புற்றுநோய்ப் பக்கம் இழுத்தது ஒரு சர்ஜனின் கோபம். மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சிலர், ஆபரேஷன் ஆன சில வாரத்திலேயே எங்கோ யோகா வகுப்புக்குப் போய், இரண்டு கையையும் தரையில் ஊன்றி உடம்பு எடை முழுவதையும் அதில் போட்டுவிட்டு, அக்குளில் நீர் கோத்துக்கொண்டு அவரிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். "என்ன செய்யணும்னு சொல்லித் தர நிறையப் பேர் இருக்காங்கம்மா. எதைச் செய்யக்கூடாதுன்னு சொல்லித் தர ஒரு ஆளு வேணும்" என்றார். அந்த வேலைக்குத்தான் போனேன்.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு, கட்டி இருந்த இடத்தைவிட அதிகம் தொல்லை கொடுப்பது தோள்தான். வலிக்கும் என்ற பயத்தில் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டே இருப்பார்கள். சில வாரத்தில் தோள் இறுகிவிடும். அக்குளிலிருந்து முழங்கை நோக்கித் தோலுக்கு அடியில் நாண்போல இழுத்துக்கொண்டு நிற்கும் திரிகள் சிலருக்குத் தோன்றும். "உள்ள ஏதோ கயிறு கட்டி இழுக்குது மேடம்" என்பார்கள். தொட்டுப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படும். பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். அதுவரை கையை முடக்கவும் கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது.

தலைமையாசிரியை ஒருவர் வந்தார். இடது மார்பை முழுவதுமாக எடுத்திருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல், ஆனால் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேதான் பேசினார். நாற்காலியில் உட்காரவைத்தேன். உள்ளங்கை இரண்டும் தொடைமேல். "மூச்சை முதலில் உள்ளே இழுக்க ஆரம்பியுங்கள். அது கிளம்பிய பிறகு கை கிளம்பட்டும். கை நின்ற பிறகுதான் மூச்சு முடிய வேண்டும்." இதுதான் நான் கற்ற முறையின் ஆதாரம். மூச்சு முந்தும், அசைவு அதற்குள் அடங்கும். கை எந்த உயரத்தில் இருக்கும்போது மூச்சு தடுக்குகிறதோ, பல்லைக் கடிக்கத் தோன்றுகிறதோ, அதுதான் இன்றைய எல்லை. நாளை அது வேறு இடத்தில் இருக்கும். டிரெயின் இருக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. டிரெயின் போன பிறகும் நான் பார்ப்பது தோள்பட்டையைத்தான். அது காதருகே ஏறிவந்தால், கை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஏறியதாகக் கணக்கில்லை.

அவர்கள் வீட்டில் என்ன செய்ய முடியவில்லை என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்குவேன். அதில் எந்த ஆசனத்தின் பெயரும் இருக்காது. உள்ளாடைக் கொக்கி, மேல் தட்டில் இருக்கும் கடுகு டப்பா, பஸ்ஸில் தலைக்கு மேலே இருக்கும் கம்பி, கொண்டை. தலைமையாசிரியையின் பட்டியலில் கொண்டைதான் முதலில் இருந்தது. பொறுமையாகப் பயிற்சி செய்தார். நடுவில் கீமோ தொடங்கிவிட்டது. ஒருநாள் இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக் காட்டிவிட்டு, தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைத் தொட்டபடி, "கை எட்டுது மேடம், முடிதான் இல்ல" என்றார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கை வீக்கம் பற்றிப் பழைய பயம் ஒன்று ஊரெல்லாம் உண்டு. நெறி எடுத்த கையால் காய்கறிப் பைகூடத் தூக்கக் கூடாது என்று ஆயுள் முழுவதற்கும் தடை போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளர் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. கண்காணிப்போடு, மிகச் சிறிய எடையில் தொடங்கி மெல்லக் கூட்டினால் வீக்கம் மோசமாவதில்லை என்று அது காட்டியது. அதற்குப் பிறகு நானும் சில மாதங்கள் கடந்தவர்களுக்குச் சுவரில் கை ஊன்றுவதிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுக்கிறேன். முழுப் பலகைபோல உடம்பைத் தாங்கும் ஆசனங்களுக்குப் பலர் போகவே மாட்டார்கள். போகவும் தேவையில்லை. நிணநீருக்கு இதயம்போலப் பெரிய பம்பு கிடையாது. குழாய்களின் சுருக்கமும், தசை அசைவும், மூச்சில் மார்பும் வயிறும் ஏறி இறங்கும் அழுத்தமும்தான் அதை நகர்த்துகின்றன. கையை மெதுவாக உயர்த்தி இறக்கும்போது நீண்ட மூச்சைச் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே வீங்கிய கைக்கு இது மட்டும் போதாது. இறுக்க உறையும் பிசியோதெரபிஸ்டும் வேண்டும்.

அசதியைப் பற்றிச் சொன்னால் நலமாக இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒரு கணவர் மனைவியைக் கூட்டிவந்தவர், அவர் எதிரிலேயே, "எல்லாம் கிளியர்னு டாக்டர் சொல்லிட்டார். இவதான் எந்திரிக்கவே மாட்டேங்கிறா" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புற்றுநோய் அசதி தூங்கி எழுந்தால் போகிற அலுப்பல்ல. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், கூடவே இருக்கும். படுத்தே இருந்தால் குறைவதற்குப் பதில் கூடும். அதனால் அவருக்குப் படுத்தபடி செய்யும் பயிற்சியிலிருந்தே தொடங்கினேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விடும்போது காலை வயிற்றருகே கொண்டுவருவது அபானாசனம். பாதத்தை ஊன்றி, மூச்சை இழுக்கும்போது இடுப்பைச் சிறிது உயர்த்துவது த்விபாத பீடம். பிறகு ஓய்வு. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். கணவரையும் பக்கத்தில் படுக்கவைத்துச் செய்யச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சைப் பேசவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று டாக்டர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 200 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு வகுப்பாக 12 வாரம் யோகா கொடுத்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில், வகுப்புகள் முடிந்து மூன்று மாதத்துக்குப் பின் யோகா செய்தவர்களுக்கு அசதியும், ரத்தத்தில் அழற்சிக்கான அடையாளங்களும் குறைவாக இருந்தன. ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் 410 பேரை வைத்துச் செய்த ஆய்வு தூக்கம் மேம்பட்டதாகச் சொன்னது. எனக்கு அதிகம் பிடித்தது, ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையும் பெங்களூரு விவேகானந்த யோக நிறுவனமும் சேர்ந்து, ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 163 பெண்களிடம் செய்தது. அதில் ஒரு பிரிவினருக்கு யோகா, இன்னொரு பிரிவினருக்கு வெறும் ஸ்ட்ரெட்சிங். அசதியைக் குறைப்பதில் ஸ்ட்ரெட்சிங்கும் கைகொடுத்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் யோகா செய்தவர்கள் முந்தினார்கள். யோகாவை வேறொன்றோடு பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டதால் அந்த முடிவின்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். இந்த ஆய்வுகளில் எனக்குள்ள குறை, பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களோடு நின்றுவிடுகின்றன என்பது. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். அவர்களுக்குச் சொல்ல இந்த ஆய்வுகளில் அதிகமில்லை.

ரேடியேஷன் என்ற சொல் எங்கள் பக்கம் புழங்குவது குறைவு. "கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள். கழுத்து, வாய்ப் பகுதிக்குக் கரண்ட் வைக்கும்போது, முகத்தின் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வலை முகமூடியைப் போட்டு, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிவிடுவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். வலி இருக்காது. ஆனால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள், வாயைத் திறந்து கூப்பிடவும் முடியாது. மனம் தளர்ந்து பாதியில் வரமாட்டேன் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் கொடுப்பது ஒரே ஒரு பயிற்சி. மூக்கால் இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கி, மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பது. வீட்டில் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பழகச் சொல்வேன். இதை மூக்கில் அடைப்போ, கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளையோ இல்லாதவர்களுக்கு மட்டுமே சொல்வேன்.

இடது மார்புக்குக் கரண்ட் வைப்பதில் வேறொரு விஷயம். ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரை விட்டுச் சற்று விலகும். அந்த நேரத்தில் கதிரைச் செலுத்தினால் இதயத்தில் படுவது குறையும். இதற்குச் சுமார் 20 விநாடி மூச்சை அசையாமல் பிடிக்க வேண்டும். பயத்தோடு இருப்பவருக்கு அது நீண்ட நேரம். முன்கூட்டியே எங்களிடம் வந்து பழகியவர்கள் சிரமமில்லாமல் செய்துவிடுவார்கள். பொதுவாக மூச்சை அடக்கும் பயிற்சியை நான் நோயாளிகளுக்குக் கொடுப்பதே இல்லை. இது ஒன்றுதான் விலக்கு, அதையும் கேட்பது ரேடியேஷன் டாக்டர்.

எந்தப் பிராணாயாமம் யாருக்கு என்பதில்தான் இந்தத் தொழிலின் நுணுக்கம் இருக்கிறது. நாக்கைக் குழல்போல மடித்துக் காற்றை இழுக்கும் சீதளி, தாமாக்ஸிஃபென் மாத்திரையால் திடீர் திடீரென்று உடம்பு தகித்து வேர்த்துக்கொட்டும் பெண்களுக்கு இதமாக இருக்கும். அதே சீதளியை வாய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டவருக்குக் கொடுத்தால் கொடுமை. உமிழ்நீரே வற்றிப்போன வாயில் புண் வேறு இருக்கும். குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியவர்களுக்கும் ஆகாது. குளிர்ந்த காற்றும் குளிர்ந்த நீரும் பட்டாலே தொண்டை இறுகுவதுபோல் இருக்கும், விரல்கள் சுரீரென்று குத்தும். புத்தகத்தில் 'உடலைக் குளிர்விக்கும்' என்று ஒரு வரிதான் இருக்கிறது. யாருக்கு என்று எழுதியிருக்காது.

நாக்கில் ஒரு பகுதியை எடுத்த லாரி ஓட்டுநர் ஒருவர். பேச்சு குழறியதால் பேசுவதையே விட்டிருந்தார். வாயில் மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடிந்தால்தான் திறப்பு சரியாக இருக்கிறது என்று கணக்கு. அவருக்கு ஒரு விரலே சிரமம். தாடைக்கான பயிற்சிகளை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள், அவற்றைச் செய்யாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் அந்தக் காகிதத்தையே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு மூச்சோடு சேர்த்துக் கொடுத்தேன். கடைசியில் உதட்டை மூடி ரீங்கரிக்கும் பிராமரி. "ஓம்" என்று முடிக்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, எம்.ஜி.ஆர். பட மெட்டு ஒன்றை முனகிக் காட்டினார். தாராளமாக என்றேன். வெளிவிடும் மூச்சு நீள வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. என்னிடம் வருபவர்களில் பாத்திஹா ஓதுகிறவர்களும் ஜெபமாலை உருட்டுகிறவர்களும் உண்டு. ஓம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகளுக்குப் பிறகு பாதம் மரத்துப்போவது இன்னொன்று. "பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். அவர்களை ஒற்றைக் காலில் விருட்சாசனத்தில் நிறுத்துகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் சுவரோரம் நாற்காலி, அதன் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடையை இடம் மாற்றுவது, இவ்வளவுதான். வகுப்பு முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். குத்திய முள் தெரியாமல் புண்ணாகி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது என் வயிற்றெரிச்சல். கபாலபாதி செய்தால் கட்டி கரையும் என்று சொல்பவர்கள் டி.வி.யிலும் இருக்கிறார்கள், தெருமுனையிலும் இருக்கிறார்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் வேகவேகமாக வயிற்றை உள்ளே இழுத்தால் தையல் விட்டுக் குடல் பிதுங்க வழியுண்டு, கட்டி கரைய வழியில்லை. யோகாவால் புற்றுநோய் குணமாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் தொழில்காரர்களிலேயே சிலருக்கு என்மேல் கோபம் வருகிறது. வரட்டும்.

ஓர் அம்மா என்னிடம் வந்தபோது மறுபடி கட்டி வந்திருந்தது. இதற்கு முன்பு வேறொரு யோகா மையத்துக்குப் போயிருக்கிறார். ஹார்மோன் மாத்திரை உடம்பைக் கெடுக்கும், பயிற்சியே போதும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். குறைந்தது ஐந்து வருடம் போட வேண்டிய மாத்திரையைச் சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டார். அதனால்தான் திரும்பி வந்தது என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "நான்தான் மூச்சைச் சரியா விடலையோ மேடம்?" நோய் கொடுத்த துன்பம் போதாதென்று, குணமாகாத குற்றத்தையும் அவர் தலையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுப்பவர்கள் எல்லோருமே கடைசியில் செய்வது இதைத்தான்: பலித்தால் பயிற்சியின் மகிமை, பலிக்காவிட்டால் நோயாளியின் அரைகுறை நம்பிக்கை. அந்த அம்மாவோடு ஆசனம் எதுவும் செய்யவில்லை. அவர் சிகிச்சையை மறுபடி தொடங்கி, பிறகு வலி மருத்துவத்துக்கு மாறும்வரை, வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து கூடவே மூச்சு விட்டேன். வலி போகவில்லை. தூக்கம் கொஞ்சம் வந்தது.

சிகிச்சையில் இருப்பவர்களும் வீட்டாரும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. எல்லாம் முடிந்து உடம்பு தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சுப் பயிற்சியும் நாற்காலிப் பயிற்சியும் கீமோ நாட்களிலேயே தொடங்கலாம். ஆனால் முதலில் உங்கள் டாக்டரிடம், "எதைச் செய்யக்கூடாது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற மகளோ மருமகளோ கணவரோ அவரும் சேர்ந்து செய்யட்டும், அவருக்கும் தூக்கம் கெட்டுத்தான் இருக்கும். காய்ச்சல், புதிதாக வந்த எலும்பு வலி, திடீர் கை வீக்கம், மூச்சிறைப்பு இருந்தால் அன்றைக்கு யோகா இல்லை, நேரே ஆஸ்பத்திரி. யோகா சொல்லித்தருகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும், மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும்.